இருபத்தெட்டாவது வீடு

நோங்சிம்
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அருணி கைகூப்பி எழுதுகிறேன். நானும் உன் மகள் நிச்சாவும் இங்கே நலம். சாயத்தொட்டிச் சூட்டில் உன் கையில் வந்த கொப்புளம் ஆறிவிட்டதா? போன முறை தொலைபேசியில் பாதி நேரம் நீ அழுதாய், மீதி நேரம் நான் "அழாதே" என்றேன், அட்டையில் இருந்த நிமிடம் தீர்ந்துபோயிற்று. இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னது சரி. தைவானுக்கு ஒரு வாரத்தில் போய்விடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

மழை பிடித்துவிட்டது. எங்களுக்கு இது வீடு பார்க்கிற பருவம். வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், பேசி, படிவம் நிரப்பி, வீட்டு வாசலில் பிள்ளையையும் வளர்க்கிறவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து வர வேண்டும். கடைசியில் மூன்று கட்டங்கள். சாதாரணம், கவனிக்க வேண்டியவர், சிக்கலில் இருப்பவர். ஒன்றில் குறி போட்டுவிட்டால் என் வேலை முடிந்தது. ஐந்தாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். மோட்டார் சைக்கிளில் ஏழு கிராமம் சுற்றியாயிற்று. மூன்று நாய்கள் துரத்தின, ஒன்று பாவாடையைக் கிழித்தது. வீட்டுக்கு வீடு வெள்ளரிக்காய் கொடுத்து அனுப்புகிறார்கள். நிச்சா இப்போது வெள்ளரிக்காயைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். லம்யாய் என்று ஒரு பெண். வகுப்பில் கடைசி பெஞ்சு, கெட்டிக்காரி, நிச்சாவின் சிநேகிதி. சந்தை முனையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் சம்லிதான் அவள் அம்மாவாம், எனக்குத் தெரியாமல் போயிற்று. ஓடு பதித்த தரை, சுவரில் கடிகாரம், எல்லாம் பளிச்சென்று இருந்தன. எனக்குத் தண்ணீர் கொடுக்கக் கிண்ணம் எடுக்கப் போன லம்யாய் இரண்டு அலமாரியைத் திறந்து மூடி, மூன்றாவதில் கண்டுபிடித்தாள். அத்தனை கூச்சம். "மனசு சரியில்லன்னா யார்கிட்டம்மா சொல்லுவே?" என்று படிவத்தில் உள்ள கேள்வியைக் கேட்டேன். "அம்மாகிட்ட" என்றாள். சம்லி அந்தப் பக்கம் திரும்பி ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். சாதாரணம் என்று குறி போட்டுவிட்டு வந்தேன்.

நிச்சா நன்றாகச் சாப்பிடுகிறாள், கணக்கில் எண்பத்திரண்டு.

உன் தங்கை,
அருணி

*

தாவ்யுவான்
ஜூன் 24

அருணிக்கு,

அக்கா எழுதுவது. கொப்புளம் ஆறிவிட்டது, அந்த இடத்தில் நீலம் ஏறியிருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில் இருப்பதும் அதே நீலம்தான், பயப்படாதே. இந்த வாரம் முழுக்கப் பள்ளிச் சீருடைத் துணி ஓடுகிறது. எந்த ஊர்ப் பிள்ளைக்கோ.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ டீச்சராகி ஒன்பது வருடம் ஆகிறது. சொந்த வீட்டில் தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று தெரியாத பெண்ணை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? கூச்சம் வந்தால் பேச்சு வராது, அது நியாயம். அலமாரியா மறந்துபோகும்? போய் இன்னொரு முறை பார்.

இன்னொன்று. இருபத்தெட்டுப் பேர் என்றாய், அதில் என் மகளும் ஒருத்திதானே. நம் வீட்டுக்கு என்றைக்குப் போனாய்? உனக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள்? வெள்ளரிக்காய் உண்டா?

ஆகஸ்டில் அன்னையர் தினம் வருகிறது. அம்மாக்களுக்குப் போடும் நாற்காலியில் என் இடத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? போன வருடம் நீ இரண்டே வரி எழுதினாய், "நிச்சா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டாள், விழா நல்லபடி நடந்தது" என்று. இந்த முறை கொஞ்சம் கை வலிக்க எழுது. யார் காலில் விழுந்தாள், என்ன சொன்னாள், அழுதாளா.

ஜனவரியோடு என் இரண்டு வருடம் முடிகிறது. வந்துவிடுவேன் என்று சொல். மழையில் அவளை நனைய விடாதே, அவளுக்கு உடனே சளி கட்டிவிடும்.

பிகுல்

*

நோங்சிம்
ஜூலை 8

அன்புள்ள அக்கா,

வணக்கம். உன் நீலக் கடிதம் கிடைத்தது. நிச்சா அந்தக் கறையை முகர்ந்து பார்த்து, "அம்மா வாசனை இல்ல சித்தி, மருந்து வாசனை" என்றாள். சளி இல்லை. காலையில் பசையரிசிச் சோறும் பொரித்த முட்டையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

நம் வீட்டுப் படிவத்தை ஆசிரியர் அறையில் உட்கார்ந்தே எழுதிக் கொடுத்துவிட்டேன். நானே வகுப்பாசிரியர், நானே வளர்க்கிறவள். என் வீட்டுக்கு நானே போய்க் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாள். சாதாரணம்தான், வேறென்ன.

லம்யாய் விஷயத்தில் நீ துப்பறிகிறாய். எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. அன்னையர் தினத்துக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். தலைமையாசிரியர் பிரசித் ஐயா நாற்காலிகளுக்கு வெள்ளை உறை தைக்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் நிரப்பிய படிவங்களிலிருந்து அம்மாக்களின் பெயரை வரிசையாக எடுத்து எழுதுவது என் பொறுப்பு. யார் அழைக்கப்பட்டதும் எந்தப் பிள்ளை எழுந்து, முழங்காலில் நகர்ந்துபோய், மல்லிகை மாலை வைத்துக் கும்பிட வேண்டும் என்று ஒத்திகை வேறு இருக்கிறது.

லம்யாய் நான்கு நாளாக வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். ஊரெல்லாம் காய்ச்சல்.

நீயும் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய். கை கூப்பி,
அருணி

*

நோங்சிம்
ஜூலை 26

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதுமில்லையே? நாங்கள் நலம் என்று எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். ஆனால் எனக்கு மனசு நலமில்லை.

நீ சொன்னது சரி. நான் ஒரு மக்கு.

நேற்று ஒத்திகை. அம்மாக்கள் முப்பது நாற்பது பேர் வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒலிபெருக்கியில் பெயர் படித்தேன். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் அம்மா என்று சம்லியின் பெயர் வந்தது. அந்தக் குழந்தை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தது. அப்புறம் ஐந்தாம் வகுப்பு. லம்யாய், அம்மா பெயர் சம்லி. படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு லம்யாய் வந்திருந்தாள், மூன்று வாரத்துக்குப் பிறகு. எழுந்து, முழங்காலில் நகரத் தொடங்கினாள். மண்டபத்தில் ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பியது. சம்லியின் குழந்தை ஓடிப்போய் அம்மாவின் மடியைக் கட்டிக்கொண்டு, "இது என் அம்மா" என்றது. லம்யாய் முழங்காலிட்ட இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து வாசல் வழியாக நடந்து போனாள். ஓடக்கூட இல்லை அக்கா, நடந்துதான் போனாள்.

சம்லி என்னிடம் வந்து கையைப் பிசைந்தாள். "ஒரு சாயங்காலத்துக்குத்தான் டீச்சர் வீட்டைக் கேட்டுச்சு. ஒரு வாரம் கடையில எனக்குக் கிண்ணம் கழுவிக் குடுத்துச்சு. வேணாம்னு சொல்ல மனசு வரல. நாற்காலி வரைக்கும் வரும்னு நான் கண்டேனா?"

பள்ளி விட்டதும் விசாரித்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் இருக்கும் அரிசி ஆலை. அதன் பின்னால் தகரக் கொட்டகை. அப்பா அங்கே இரவுக் காவல். அம்மா ஏப்ரலில் சோங்க்ரான் புத்தாண்டுத் திருவிழா முடிந்த கையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் லம்யாய் உமிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா பதற்றத்தில் சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு வந்தார். "பொய் சொல்லுன்னு நான் கத்துக் குடுக்கல டீச்சர். ஆனா நெசத்தைச் சொல்ல வெக்கப்படற மாதிரி வச்சிருக்கறது நான்தான்" என்றார்.

இனிமேல் அவள் பள்ளிக்கு வரப் போவதில்லையாம். ஆலையில் சாக்குத் தைக்கிற வேலை இருக்கிறதாம். ஐந்தாம் வகுப்பு, அக்கா. பதினோரு வயது.

நிச்சாவுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

உடனே எழுது.
அருணி

*

தாவ்யுவான்
ஆகஸ்ட் 1

அருணி,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. வேறொன்றுமில்லை.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. அந்தப் பெண்ணை விட்டுவிடாதே. சாக்குத் தைக்கப் போனால் அந்த ஊசி கையை விட்டு இறங்காது. எனக்குத் தெரியும்.

நான் நாற்காலியைப் பற்றிக் கேட்டேன், நீ நாற்காலி உறையைப் பற்றி எழுதினாய். போன வருடம் நிச்சா யார் காலில் விழுந்தாள்? இதற்கு மட்டும் பதில் எழுது.

பிகுல்

*

நோங்சிம்
ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

அருணி காலில் விழுந்து எழுதுகிறேன். இந்த முறை அது வெறும் சம்பிரதாயம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆலைக்குப் போனேன். நிச்சாவும் வருவேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். அவளைக் கண்டதும் லம்யாய் உமிக் குவியலை விட்டு வெளியே வந்தாள். நான் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தேன். திட்ட வரவில்லை, படிவத்தைத் திருத்தி எழுதத்தான் வந்தேன் என்றேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் நிச்சாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போன வருசம் என் அம்மா நாற்காலியில இருந்தாங்க டீச்சர். நான் கும்பிட்டுட்டு வந்து உக்காந்தேன். அப்புறம் நீங்க மைக்ல, அம்மா வராத பிள்ளைங்க எழுந்து வரிசையா வாங்கன்னு சொன்னீங்க. ஒவ்வொரு பேரா படிச்சீங்க. நிச்சா பேரையும் படிச்சீங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ தலைய குனிஞ்சுக்கிட்டே போனா. டீச்சர் வீட்டுப் பொண்ணுக்கே அப்படின்னா எனக்கு எப்படி இருக்கும்னுதான், நான் ஒரு அம்மாவைப் பாத்து வச்சுக்கிட்டேன்."

அதுதான் அக்கா நடந்தது. உனக்கு எழுதாமல் விட்டது அதுதான். பிரசித் ஐயா நல்ல எண்ணத்தில்தான் அந்த வரிசையைப் போட்டார், எந்தப் பிள்ளையும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கக் கூடாது என்று. அவர்கள் எல்லோரும் அவர் காலில் விழுந்தார்கள். பதினேழாவது பெயர் நிச்சா. எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து மற்ற பெயர்களைப் படித்த அதே குரலில் படித்தேன். நான் இறங்கிப்போய் உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். பெயர் படிக்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையை அவளே துவைத்துக் காயப்போட்டாள். நான் அதைப் பார்த்துவிட்டு, பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று பெருமைப்பட்டேன்.

லம்யாய் சொல்லும்போது நிச்சா உமியைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை ஆசிரியர் கூட்டம். நீ என்ன திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அருணி

*

நோங்சிம்
ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

வணக்கம். நிச்சா நலம். இது அந்தப் பழைய "நலம்" இல்லை, விசாரித்துவிட்டு எழுதுகிறேன். நேற்று கொஞ்சம் தலைவலி, மருந்து கொடுத்தேன்.

கூட்டத்தில் நான் அந்த வரிசை வேண்டாம் என்றேன். உடற்பயிற்சி ஆசிரியர், அப்படியானால் பெண் ஆசிரியர்களை ஆளுக்கு நான்கு பிள்ளைகளுக்கு அம்மாவாக உட்கார வைத்துவிடலாம் என்றார். அதைத்தான் லம்யாய் தானாகவே செய்து பார்த்தாள், முடிவு என்ன ஆயிற்று என்று பார்த்தோமே என்றேன். அவர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். மாவட்ட அதிகாரி வருகிறார், மேடையில் நாற்காலி இல்லாமல் எப்படி என்று இன்னொருவர்.

பிரசித் ஐயா எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். எல்லா வகுப்புப் படிவங்களையும் முதல் நாள் நான் மறுபடி சரிபார்த்திருந்தேன், பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்டு. பள்ளியில் நூற்று எண்பத்துமூன்று பேர். அம்மாவோடு இல்லாதவர்கள் அறுபத்தொரு பேர். அம்மா பாங்காக்கில், தைவானில், கொரியாவில், எங்கே என்றே தெரியாத இடத்தில். அவர் தாளை வாங்கித் தானே ஒரு முறை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இது அம்மா இல்லாத பிள்ளைங்க வரிசை இல்ல டீச்சர். இது நம்ம பள்ளிக்கூடம்" என்றார். நாற்காலிகள் வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

விழா நாளான பதினோராம் தேதி மேடை இல்லை, பெயர் படிக்கவும் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு மல்லிகை மாலை கொடுத்து, நண்பகலோடு பள்ளியை விட்டோம். யாரைக் கும்பிட வேண்டுமோ அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்க் கும்பிடுங்கள் என்று சொன்னோம். தூரம் போகிற பிள்ளைகளை ஆசிரியர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். மாவட்ட அதிகாரி வந்து காலி மண்டபத்தைப் பார்த்தார். பிறகு அவரே இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றி வயலில் கொண்டுபோய் விட்டார். வெள்ளை உறைகள் சும்மாதான் கிடக்கின்றன.

நான் லம்யாயின் மாலையை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். அப்பா இரவெல்லாம் விழித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். தூங்குகிறவரின் கால்மாட்டில் கும்பிட்டாள். மாலையைச் சோற்றுக் கூடையின் மூடி மேல் வைத்தாள். எழுந்ததும் அதைத்தான் முதலில் திறப்பாராம். நேற்றுக் காலை ஏழரைக்கு, பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டுவிட்டு அவர் ஆலைச் சைக்கிளில் திரும்பிப் போனார். சட்டைப் பொத்தான் சரியாக இருந்தது.

நிச்சா தன் மாலையை எங்கே கொண்டுபோனாள் என்று அவளே எழுதுவாளாம். என்னைப் படிக்க விடவில்லை.

அருணி

*

ஆகஸ்ட் 15

அம்மாவுக்கு நிச்சா,

நான் நல்லா இருக்கிறேன். நீங்கள் நல்லா இருக்கிறீர்களா?

மாலையை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த மாமா பூவெல்லாம் தைவானுக்கு அனுப்ப முடியாது, வழியிலேயே அழுகிவிடும் என்றார். நான் அழவில்லை. அவரே ஒரு யோசனை சொன்னார். அதனால் ஐந்து பூவை மட்டும் பிய்த்துக் கணக்குப் புத்தகத்தில் வைத்து அதன் மேல் உரலைத் தூக்கி வைத்தேன். இப்போது காகிதம் மாதிரி ஆகிவிட்டது, அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். வாசனை கொஞ்சம் இருக்கும். இல்லாவிட்டால் இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கும்பிடவில்லை. நீங்கள் ஜனவரியில் வந்ததும் கும்பிடுகிறேன். ஜனவரி சரிதானே? கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது கேட்டேன், நீங்கள் மழை பெய்கிறதா என்று கேட்டீர்கள்.

சித்தியைத் திட்டாதீர்கள். அவங்களே மோட்டார் சைக்கிளில் போகும்போது அழுகிறாங்க. பின்னால் உட்கார்ந்தால் தெரிகிறது.

நிச்சா

*

தாவ்யுவான்
செப்டம்பர் 3

அருணி,

கொஞ்சம் இருமல், வேறு ஒன்றுமில்லை. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்கு நாலு பக்கம் எழுதினேன். நீ படித்திருந்தால் இந்த ஜென்மத்தில் என்னோடு பேசியிருக்க மாட்டாய். என் மகளின் பெயரை நீயே ஒலிபெருக்கியில் படித்தாய் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவளை உன்னிடம் விட்டுவிட்டு வந்தது எதற்கு? லாரி கவிழ்ந்து அவள் அப்பா போன பிறகு அவளுக்கென்று இருக்கிற இரண்டாவது ஆள் நீதானே?

அந்த நாலு பக்கத்தைத் தபாலில் போடப் போன அன்றைக்குத்தான் பூ வந்தது. கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். ஐந்தில் ஒன்று பொடிந்துபோயிருந்தது. அந்தப் பொடியையும் எடுத்து வைத்திருக்கிறேன். பிறகு அவள் கேட்டிருந்த கேள்வியைப் படித்தேன்.

அருணி, ஜூலை முதல் வாரம் நான் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதனால்தான் ஜூலையில் உனக்கு எழுதவில்லை. மேற்பார்வையாளர் காகிதத்தை நீட்டினார், வரிசையில் நின்ற எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். நிச்சாவை யோசித்துத்தான் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாவது தாளைப் பார்த்து அவள் பெயரைப் படித்தாய். நான் போட்ட தாளில் அவள் பெயரே கிடையாது.

உன்னை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. நான் சொல்கிற ஒன்றை மட்டும் செய். நம் வீட்டுக்குப் போ. படிவத்தை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, வாசலில் நின்று கூப்பிட்டுப் போ. அவள் சொல்வதை எழுது, உனக்குத் தெரிந்ததை எழுதாதே.

பிகுல்

*

நோங்சிம்
செப்டம்பர் 21

அன்புள்ள அக்கா,

வணக்கம். சாயத்தொட்டிப் பக்கம் முகமூடி கட்டிக்கொள். உன் இருமலைப் பற்றி நிச்சா கேட்கிறாள்.

போனேன்.

சனிக்கிழமை காலை, நல்ல வெயில். சீருடை போட்டுக்கொண்டு, படிவக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்வாசலால் வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "வீட்ல யாரும்மா இருக்கீங்க? பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்கேன்" என்று கூப்பிட்டேன்.

நிச்சா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தலையை வாரிக்கொண்டு வந்து, எனக்குக் கும்பிடு போட்டு, பாயை விரித்து உட்காரச் சொன்னாள். தண்ணீர்க் கிண்ணம் முதல் அலமாரியிலேயே இருந்தது.

நான் டீச்சர் குரலில் கேள்விகளைக் கேட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்றால், "ரெண்டு பேர், ஒருத்தர் தைவான்ல" என்றாள். படிக்க இடம் இருக்கிறதா? "இருக்கு. ஆனா சித்தி திருத்தற நோட்டு பாதி மேசைய பிடிச்சுக்குது." வீட்டில் யாராவது சத்தம் போடுவார்களா? "மாசக் கடைசில." எனக்கே தெரியாத சித்தி ஒருத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கேள்வி. மனசு சரியில்லாவிட்டால் யாரிடம் சொல்வாய்? ஆசிரியர் அறையில் உட்கார்ந்து "சித்தி" என்று நான் எழுதிக் கொடுத்த கேள்வி.

"நெசமா சொல்லணுமா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன்.

"லம்யாய்கிட்ட."

எழுதினேன். ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், அவ்வளவுதான். உமிக் குவியலுக்குப் பின்னால் அந்தப் பெண் போய் ஒளிந்த பிறகு, மூன்று வாரம் என் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொள்ள ஆளே இல்லாமல் இருந்திருக்கிறது. சாதாரணம் என்று போட்ட குறியை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில், கவனிக்க வேண்டியவர் என்பதில் போட்டேன். நான் கிளம்பும்போது அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு வெள்ளரிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

படம் எடுக்க வேண்டுமே. பிள்ளையும் வளர்க்கிறவரும் சேர்ந்து வாசலில் நிற்க வேண்டும் என்பது விதி. கேமரா என் கையில். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறேன், நான் வந்து நிற்கிறேன் என்றேன். நிச்சா வேண்டாம் என்றாள். வாசலின் நடுவில் நிற்காமல் இடது ஓரமாக ஒதுங்கி நின்றாள், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு. "இப்படியே எடுங்க டீச்சர்" என்றாள். எடுத்தேன். ஒரு பிரதி உனக்கு வைத்திருக்கிறேன். பிரசித் ஐயா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே கோப்பில் வைத்துக்கொண்டார்.

உன் கையெழுத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அருணி

*

தாவ்யுவான்
அக்டோபர் 10

அன்புள்ள அருணிக்கு,

அக்கா நலம். இருமல் குறைந்திருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிடு, மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டு, அழுதுகொண்டே ஓட்டாதே.

படம் வந்தது. கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரி வியட்நாம்காரி, அரைகுறைச் சீனத்தில் பேசிக்கொள்வோம். பிள்ளை ஏன் ஓரமாக நிற்கிறாள், பக்கத்தில் யாரை வெட்டிவிட்டீர்கள் என்று கேட்டாள். யாரையும் வெட்டவில்லை, அது நான் என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து அலுவலகத்தில் போய் நின்றேன். புது ஒப்பந்தம் ஜனவரியில்தான் தொடங்குகிறது, என் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்றாள் அங்கே இருந்த பெண். இப்போது கேட்கிறேனே என்றேன். மூன்று நாள் அலைய விட்டார்கள். நான்காம் நாள் கிழித்துக் கொடுத்தார்கள். ஜனவரி பதினெட்டு விமானம். நிச்சாவுக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து.

வந்ததும் நாற்காலி கீற்காலி எல்லாம் போட்டு வைக்காதே. படத்தில் இருக்கிற அந்த இடத்தில்தான் நிற்பேன். மழைக்கு அங்கே பாசி பிடிக்கும், தேய்த்து வை, வழுக்கி விழுந்தால் அதற்கும் நீதான் பொறுப்பு.

அந்தப் படிவம் இன்னும் உன்னிடம் இருந்தால், யாரிடம் சொல்வாய் என்ற அந்தக் கேள்விக்கு எதிரே லம்யாய் பெயரை அடிக்காதே. அது நியாயமாகக் கிடைத்த இடம். அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் காலியாக விட்டு வை. நீயும் எழுதாதே, நானும் எழுத மாட்டேன். அவள் எழுதட்டும்.

உன் அக்கா,
பிகுல்